“பி.சி.எம். போயிடுச்சு”ன்னு சொன்னா உடனே தலையாட்டாதே!

தங்கச்சி, வைப்பரை ஆஃப் பண்ணினாலும் நிக்க மாட்டேங்குது. ரிமோட்டை அமுக்கினா மூணு கதவு பூட்டிக்குது, நாலாவது கதவு கண்டுக்கவே மாட்டேங்குது. உள்ளே விளக்கு தானா எரியுது, தானா அணையுது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனா, “மேடம், பி.சி.எம். போயிடுச்சு, மாத்தணும்”னு ஒரே வரியில் முடிச்சிடுறாங்க.

சர்வீஸ் அட்வைசர் நாற்காலியில் உட்கார்ந்து இந்த வரியை நிறையக் கேட்டவ நான். சில நேரம் அது உண்மை. பல நேரம் உண்மையான குற்றவாளி சோர்ந்துபோன பேட்டரியாவோ, துருப்பிடிச்ச எர்த்தாவோ, எலி கடிச்ச ஒயராவோ இருக்கும். விலை கூடின பார்ட்ஸை மாட்டின பிறகும் அதே கோளாறு நின்னு சிரிக்கும். அதனால அக்கா சொல்றது ஒண்ணுதான்: அளந்து காட்டாம மாத்த விடாதே. எதை அளக்கணும், எப்படிக் கேட்கணும், மாத்தியே தீரணும்னா எதில் உஷாரா இருக்கணும்னு வரிசையா சொல்றேன்.

1. அது என்ன வேலை பார்க்குதுன்னு தெரிஞ்சுக்கோ

பி.சி.எம். என்றால் பாடி கன்ட்ரோல் மாட்யூல். ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், சென்டர் லாக், பவர் விண்டோ, உள்விளக்கு இதையெல்லாம் மேய்க்கிற சின்னக் கம்ப்யூட்டர். பழைய வண்டியில் ஸ்விட்சிலிருந்து ரிலேவுக்கோ பல்புக்கோ நேரா ஒயர் போகும். இப்போ ஸ்விட்ச் சிக்னலை மட்டும்தான் கொடுக்குது. அதை வாங்கி, கரண்டைத் திறந்து விடுறது பி.சி.எம். பல கார்களில், தப்பான சாவியில் ஸ்டார்ட் ஆக விடாத இம்மொபிலைசரும் இதோட கையில்தான். அதனால இது மக்கர் பண்ணினா சில நேரம் செல்ஃபே எடுக்காது.

இன்ஜின், ஏர்பேக், மீட்டர் மாட்யூல்களோட இது ‘கேன்’ங்கிற ஒயர் ஜோடி வழியாப் பேசும். பாஷ் கம்பெனி 1986-இல் அறிமுகப்படுத்தின முறை அது. அந்த ஒயர் அறுந்தாலோ, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டாலோ, நல்லா இருக்கிற பி.சி.எம்.கூட செத்தது மாதிரி நடிக்கும்.

2. கோளாறை எழுதி வை

“எல்லாமே வேலை செய்யல”ன்னு சொன்னா மெக்கானிக் இருட்டில்தான் தேடணும். போனில் குறிச்சு வை: எது எது நின்னுச்சு, மழைக்குப் பிறகா, வாட்டர் வாஷுக்குப் பிறகா, ஸ்பீட் பிரேக்கரில் குலுங்கினப்பவா, காலையில் முதல் ஸ்டார்ட்டிலா? முடிஞ்சா வீடியோ எடு. விட்டு விட்டு வர்ற கோளாறு ஒர்க்‌ஷாப் வாசலில் நல்ல பிள்ளையா மாறிடும். அப்போ உன் வீடியோதான் சாட்சி.

ஒரே ஒரு கண்ணாடி மட்டும் இறங்கலைன்னா முதல்ல அந்த ஸ்விட்ச், அந்த மோட்டார், அந்த ஒயரைச் சந்தேகப்படு. ஹாரன், வைப்பர், லாக் மூணும் ஒரே நேரத்தில் மக்கர் பண்ணினா, மூணுக்கும் பொதுவான சப்ளை, எர்த், அதுக்கப்புறம்தான் மாட்யூல்.

இன்னொண்ணு. இண்டிகேட்டரில் எல்.இ.டி. பல்பு போட்ட பிறகு அது படபடன்னு வேகமா அடிக்குதா? எல்.இ.டி. குறைஞ்ச கரண்ட்தான் எடுக்கும். அதைப் பார்த்து பல்பு ஃப்யூஸ் ஆயிடுச்சுன்னு நினைச்சு உன்னை எச்சரிக்குது பி.சி.எம். அது தன் வேலையைத்தான் பார்க்குது. அதே மாதிரி, பி.சி.எம்.மோட தொடர்பு அறுந்தா ஹெட்லைட் தானா எரிஞ்சுகிட்டே இருக்கும்படி சில கார்களில் வெச்சிருக்காங்க. ராத்திரி ரோட்டில் நீ இருட்டில் மாட்டக் கூடாதுன்னு செஞ்ச ஏற்பாடு அது.

3. பேட்டரியை முதல்ல விசாரி

குறைஞ்ச வோல்டேஜில் எந்த மாட்யூலும் பைத்தியம் மாதிரிதான் நடந்துக்கும். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கி வை, இதை நீயே பார்க்கலாம்.

• ராத்திரி முழுக்க நின்ன வண்டியில், ஸ்டார்ட் பண்ணுறதுக்கு முன்னாடி: 12.6 வோல்ட் இருந்தா ஃபுல் சார்ஜ். 12.2-க்குக் கீழே போனா முதல்ல சார்ஜ் போடு, மத்ததெல்லாம் அப்புறம்.
• செல்ஃப் அடிக்கும்போது: 9.6-க்குக் கீழே விழுந்தா பேட்டரி மேலே சந்தேகம்.
• இன்ஜின் ஓடும்போது: பொதுவா 13.5-இலிருந்து 14.7-க்குள். இதுக்கு மேலே எகிறினா ஆல்டர்னேட்டரைப் பார்க்கச் சொல்லு. அதிக வோல்டேஜ்தான் மாட்யூலைக் கொல்லும்.

டெர்மினலில் வெள்ளையா, பச்சையா பூத்திருந்தா சுத்தம் பண்ணி இறுக்கு. இந்த ஒரு வேலையிலேயே ‘செத்துப்போன’ பி.சி.எம். உயிர்த்து எழுந்ததுண்டு.

4. ஃப்யூஸ், ரிலே, எர்த்: மலிவான மூணு சந்தேகம்

பி.சி.எம்.முக்கு ஒரே ஃப்யூஸ்தான்னு நினைக்காதே. பல வண்டிகளில் லைட்டுக்கு ஒண்ணு, லாக்குக்கு ஒண்ணு, அதோட மூளைக்கு ஒண்ணுன்னு தனித்தனி சப்ளை வரும். ஒண்ணு போனா அந்தக் கூட்டம் மட்டும் படுத்துக்கும். கண்ணால பார்த்து “நல்லா இருக்கு”ன்னு சொல்ல விடாதே. ஃப்யூஸோட தலையில் தெரியுற ரெண்டு புள்ளியிலும் மீட்டர் வெச்சா, ரெண்டிலும் வோல்டேஜ் வரணும்.

நிறத்தை ஞாபகம் வெச்சுக்கோ: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. போன இடத்தில் அதே நிறம்தான் வரணும். “தாங்கட்டும்”னு பெருசு போட்டா, அடுத்த தடவை எரியுறது ஃப்யூஸ் இல்லை, ஒயர்.

ரிலே சந்தேகம்னா, பக்கத்தில் அதே நம்பர் உள்ள ரிலேவை மாத்திப் போட்டுப் பார்க்கலாம். கோளாறும் கூடவே இடம் மாறினா ஆள் அகப்பட்டாச்சு. ஆனா சில ரிலே பி.சி.எம். போர்டுக்குள்ளேயே சால்டர் பண்ணியிருக்கும், அதைக் கழட்ட முடியாது.

எர்த்தைப் பார்க்க வழி இது: ஹெட்லைட் மாதிரி லோடு ஓடும்போது, மீட்டரோட ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், இன்னொரு முனை பி.சி.எம். கப்ளரில் வர்ற எர்த் ஒயரில். 0.1 வோல்ட்டுக்குள்ளே இருந்தா சுத்தம். அதுக்கு மேலே ஏறினா வழியில் எங்கேயோ துரு. அந்த போல்ட்டைக் கழட்டி, தேய்ச்சு, இறுக்கிட்டு மறுபடி அளக்கச் சொல்லு. லோடு இல்லாம அளந்தா எல்லா எர்த்தும் நல்லதாத்தான் தெரியும்.

5. தண்ணி, எலி, கதவு ரப்பர், ஆக்சஸரி

பல கார்களில் பி.சி.எம். டேஷ்போர்டுக்கு அடியில், உள்ளே இருக்கிற ஃப்யூஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அங்கே தண்ணி வர நாலு வழி. முன்கண்ணாடிக்குக் கீழே இலை அடைச்ச வடிகால், சன்ரூஃபோட வடிகுழாய், ஓரம் விட்டுப்போன கண்ணாடி ரப்பர், அடைச்சுக்கிட்ட ஏ.சி. டிரெயின் குழாய். கால் வைக்கிற இடத்தில் மேட்டைத் தூக்கி, கார்ப்பெட்டை அழுத்திப் பாரு. கை நனைஞ்சா, மாட்யூலைத் தொடுறதுக்கு முன்னாடி தண்ணி வர்ற வழியை அடைக்கணும்.

2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரங்களுக்கு இது நல்லாத் தெரியும். கார் மூழ்கினா சாவி போட்டே பார்க்காதே. முடிஞ்சா நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டு, போட்டோ எடு, இன்சூரன்ஸுக்குச் சொல்லு, வண்டியைத் தூக்கிட்டுப் போகச் சொல்லு. வெயிலில் காய வெச்சு ஓட்டின வண்டியிலும், கப்ளர் பின்னில் பச்சை பூத்து கொஞ்ச நாள் கழிச்சு வேலையைக் காட்டும்.

எலியோட அடையாளம்: பானெட்டுக்குள்ளே புழுக்கை, பஞ்சு, பாதி தின்ன தேங்காய்ச் சில்லு. இன்ஜின் பக்கம் கடிச்ச ஒரு ஒயரே பி.சி.எம்.மைத் தடுமாற வைக்கப் போதும்.

கதவுக்கும் பாடிக்கும் நடுவே மடிஞ்சு நீள்ற கருப்பு ரப்பர் குழாயைப் பார்த்திருப்பே. கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, அதுக்குள்ளே ஒயர் உடையும். டிரைவர் கதவில்தான் அதிகம். டிக்கி கதவிலும் இதே கதைதான். கதவைப் பாதி திறந்து ரப்பரை மெல்ல அசைக்கும்போது கண்ணாடியோ லாக்கோ உயிர் பெற்றா, ஒயர் சரி பண்ணினா போதும்.

கடைசியா ஆக்சஸரி. அலாரம், ஃபாக் லாம்ப், டூயல் டோன் ஹாரன், அதிக வாட் பல்பு. பி.சி.எம். ஒயரை வெட்டி இதையெல்லாம் சேர்த்திருந்தா, முதல்ல எல்லாத்தையும் பிரிச்சு, வண்டியை கம்பெனி ஒயரிங்குக்குக் கொண்டு வந்துட்டு சோதிக்கச் சொல்லு.

6. ஸ்கேனர் சொல்றது தீர்ப்பு இல்லை

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற ஓ.பி.டி. சாக்கெட்டில் மாட்டுற மலிவான புளூடூத் கருவி பெரும்பாலும் இன்ஜினோட எர்ரர் கோடு மட்டும்தான் படிக்கும். பி.சி.எம்.மோட பேச, எல்லா மாட்யூலையும் திறக்கிற ஸ்கேனர் வேணும்.

கோடு ஆங்கில ‘B’ எழுத்தில் தொடங்கினா பாடி சம்பந்தப்பட்டது, ‘யு’வில் (U) தொடங்கினா மாட்யூல்களுக்கு இடையிலான பேச்சு வார்த்தை. ‘யு 0140’ன்னு வந்தா, “பி.சி.எம்.மோட தொடர்பு கிடைக்கல”ன்னு வேற ஒரு மாட்யூல் புகார் கொடுக்குதுன்னு அர்த்தம். சப்ளை இல்லாம இருக்கலாம், எர்த் இல்லாம இருக்கலாம், கேன் ஒயர் அறுந்திருக்கலாம். “பி.சி.எம். கெட்டுப்போச்சு”ன்னு அந்தக் கோடு சொல்லவே இல்லை.

கேன் ஒயரைப் பார்க்க ஒரு சுருக்குவழி: பேட்டரியைக் கழட்டிட்டு, ஓ.பி.டி. சாக்கெட்டில் 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் அளக்கணும். ரெண்டு கோடியிலும் 120 ஓம் இருக்கிறதால, சேர்த்து ஏறக்குறைய 60 ஓம் வரும். 120 காட்டினா ஒரு பக்கம் அறுந்திருக்கு. பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வந்தா ரெண்டும் ஒட்டியிருக்கு. அந்த சாக்கெட்டுக்கு நேரா கேன் லைன் கொண்டு வராத கார்களும் உண்டு. அங்கே சர்க்யூட் படத்தைப் பார்த்துத்தான் அளக்கணும்.

7. தீர்ப்பு சொல்ல நாலு அளவு போதும்

இதுதான் இந்தக் கட்டுரையோட உயிர். ஹாரன் அடிக்கலைன்னு வெச்சுக்கோ.

• சப்ளை: பி.சி.எம். கப்ளரில் வர்ற ஒவ்வொரு பாசிட்டிவ் பின்னிலும், ஏறக்குறைய பேட்டரியில் இருக்கிற அதே வோல்டேஜ் வருதா?
• எர்த்: லோடில் அளந்தப்போ சுத்தமா?
• உள்ளே வர்ற சிக்னல்: ஹாரனை அமுக்கும்போது ஸ்கேனரோட லைவ் டேட்டாவில் ‘ஆஃப்’, ‘ஆன்’னு மாறுதா? மாறலைன்னா சிக்னல் கப்ளர் வரைக்கும் வந்து சேருதான்னு அளக்கணும். வந்து சேரலைன்னா ஸ்விட்சோ ஒயரோ. வந்து சேர்ந்தும் டேட்டா மாறலைன்னா விரல் பி.சி.எம். பக்கம் நீளுது.
• வெளியே போற கட்டளை: ஸ்கேனரிலிருந்தே ஹாரனை அடிக்கச் சொல்லி, அந்த நேரத்தில் அவுட்புட் பின்னை அளக்கணும். கரண்ட் வெளியே போகுது, ஹாரன் அடிக்கலைன்னா ஹாரன், ரிலே, ஒயரைப் பாரு. மத்த மூணும் சரியா இருந்து, அவுட்புட் மட்டும் வரலைன்னா, ஆமா, பி.சி.எம். போயிடுச்சு.

இந்த நாலையும் கோளாறு இருக்கிற நேரத்திலேயே அளக்கணும். எந்தப் பின் எதுக்குன்னு உன் மாடலோட சர்க்யூட் படத்தைப் பார்த்துத்தான் சொல்லணும், ஊகத்தில் இல்லை. மாட்யூல் பின்னில் பழைய டெஸ்ட் லாம்ப் வைக்க விடாதே. அது இழுக்கிற கரண்டே நல்ல போர்டைக் கெடுக்கும். மஞ்சள் கப்ளர் ஏர்பேக்கோடது, அதை யாரும் குத்திப் பார்க்கக் கூடாது.

8. ராத்திரியில் பேட்டரி இறங்கிடுதா?

வண்டியைப் பூட்டினதும் பி.சி.எம். தூங்கப் போகணும். தூங்கின வண்டி பொதுவா 50 மில்லி ஆம்பியருக்குள்தான் கரண்ட் எடுக்கும். அளக்கும்போது ஸ்மார்ட் கீயைத் தூரமா வெச்சுட்டு, பூட்டி, அரை மணி நேரமாவது பொறுக்கணும். அவசரப்பட்டு அளந்தா, முழிச்சிருக்கிற வண்டியைப் பார்த்து “லீக்கேஜ்”னு சொல்லிடுவாங்க. கரண்ட் அதிகமா இருந்தா, ஃப்யூஸ் ஒவ்வொண்ணா பார்த்து எந்த லைன்னு கண்டுபிடிக்கலாம். கதவு சரியா மூடலைன்னு சொல்லிக்கிட்டே இருக்கிற ஒரு லாக் ஸ்விட்ச்கூட பி.சி.எம்.மைத் தூங்க விடாது.

9. ரிப்பேரா, புதுசா, பழசா?

மாத்துறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளு: “இது ஏன் போச்சு?” ஷார்ட்டான வைப்பர் மோட்டார் பழைய போர்டை எரிச்சிருந்தா, புதுசையும் எரிக்கும். காரணம் கிடைக்காம புதுசு மாட்டாதே.

ரிப்பேர்: போர்டு மேலே இருக்கிற ரிலே ஒட்டிக்கிறது, சால்டர் விட்டுப்போறது, லேசா பச்சை பூக்கிறது இதையெல்லாம் நல்ல எலக்ட்ரானிக்ஸ் கைக்காரர் சரி பண்ணிடுவார். உன்னோட பழைய போர்டே திரும்பி வர்றதால சாவி, செட்டிங் எல்லாம் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். போர்டே கருகியிருந்தாலோ, தண்ணி நல்லா ஊறியிருந்தாலோ இதை நம்பாதே.

புதுசு: நிம்மதி அதிகம், செலவும் அதிகம். உன் சேஸிஸ் நம்பரைச் சொல்லி பார்ட் நம்பரை எழுத்தில் வாங்கு. ஒரே மாடலில் பேஸ் வேரியண்டுக்கும் டாப் வேரியண்டுக்கும் வேற வேற பி.சி.எம். இருக்கலாம்.

பழசு: சென்னை புதுப்பேட்டையில் இருக்கிற பழைய பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கும்தான். ஆனா கடைசி எழுத்து வரைக்கும் பார்ட் நம்பர் ஒத்துப் போகணும். இன்னொரு வண்டியோட சேஸிஸ் நம்பரில் பூட்டிக்கிட்ட மாட்யூல் உன் வண்டியில் ஸ்டார்ட்டே விடாம போகலாம். சில மாடல்களில் கிலோமீட்டர் கணக்கும் இதில் பதிஞ்சிருக்கும். பில் இல்லாத பார்ட்ஸ் வேண்டவே வேண்டாம், திருட்டு வண்டிப் பொருளா இருந்தா தலைவலி உனக்கு.

10. மாத்துற அன்னைக்கு

• பழைய மாட்யூல் பேசுதுன்னா, கழட்டுறதுக்கு முன்னாடி அதோட செட்டிங்கைப் படிச்சு சேமிக்கணும். புதுசு வெத்துப் பலகை மாதிரி வரும். உன் வண்டியில் என்ன லைட், என்ன லாக், எத்தனை பவர் விண்டோன்னு அதுக்குச் சொல்லிக் கொடுக்கணும். இதைத்தான் கோடிங் என்பாங்க.
• வீட்டில் இருக்கிற எல்லா சாவியையும் கொண்டு போ. பல வண்டிகளில் சாவியைப் புதுசா பதிவு பண்ணும்போது, அங்கே இல்லாத சாவி பட்டியலிலிருந்து விழுந்துடும்.
• கண்ணாடியை இறக்கி வெச்சுட்டு, தேவையானதை டிக்கியிலிருந்து எடுத்துட்டு, அப்புறம் நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டச் சொல்லு. கரண்ட் இல்லாம டிக்கி திறக்காத கார்கள் உண்டு.
• பேட்டரி கழட்டினதும் சில நிமிஷம் விட்டுத்தான் கப்ளரைத் தொடணும். கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுக்கட்டும். லாக்கை அமுக்கித்தான் உருவணும், ஒயரைப் பிடிச்சு இழுக்கக் கூடாது.
• கோடிங் ஓடும்போது வோல்டேஜ் விழக் கூடாது. நிலையான சார்ஜர் மாட்டியிருக்காங்களான்னு பாரு. பாதியில் கரண்ட் போனா, புது மாட்யூலும் போச்சு.

11. சாவியை வாங்குறதுக்கு முன்னாடி

அங்கேயே நின்னு ஒரு சுற்று பாரு: ஹை பீம், லோ பீம், நாலு இண்டிகேட்டர், ஹசார்டு, பிரேக் லைட், ரிவர்ஸ் லைட், ஹாரன், வைப்பரோட எல்லா வேகமும், வாஷர், எல்லா கண்ணாடியும், எல்லா லாக்கும், டிக்கி, ரியர் டிஃபாகர். ஒவ்வொரு சாவியாலும் ஸ்டார்ட் பண்ணிப் பாரு. ஒன் டச் கண்ணாடி பாதியில் நின்னா பயப்படாதே, அதுக்கு மறுபடி பழக்கணும், மேனுவலில் வழி இருக்கும். கடைசியா எல்லா மாட்யூலையும் ஸ்கேன் பண்ணி, கோடு எதுவும் இல்லைங்கிற அறிக்கையை வாங்கிக்கோ.

12. பணம், பேப்பர்

எஸ்டிமேட்டில் பார்ட்ஸ், லேபர், கோடிங், சாவிப் பதிவு தனித்தனியா வரணும். பழைய பார்ட் உனக்குத் திரும்பத் தரணும்னு ஜாப் கார்டிலேயே எழுத வை. வாரன்டி இருக்கிற வண்டியை வெளியே யாரும் பிரிக்க விடாதே. எக்ஸ்டெண்டட் வாரன்டி வாங்கியிருந்தா பேப்பரை எடுத்துப் பாரு. வெள்ளத்தில் போனா காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் கேட்கலாம், தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தா கிடைக்காது. தானா தேய்ஞ்சு போற எலக்ட்ரிக்கல் கோளாறுக்கு சாதாரண பாலிசி காசு தராது. எலி கடிச்சதுக்கு உன் பாலிசியில் என்ன எழுதியிருக்குன்னு முன்னாடியே படிச்சு வை.

அடுத்த தடவை யாராவது “பி.சி.எம். போயிடுச்சு”ன்னு சொன்னா, சண்டை போட வேண்டாம். “அண்ணா, சப்ளை, எர்த், உள்ளே வர்ற சிக்னல், வெளியே போற கட்டளை, நாலையும் அளந்து ஜாப் கார்டில் எழுதிக் கொடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்”னு அமைதியாக் கேளு. எழுதிக் கொடுக்கிற கடையில் நம்பி வண்டியை விடு. “அதெல்லாம் உங்களுக்குப் புரியாது மேடம்”னு சொல்ற கடையிலிருந்து வண்டியை எடுத்துட்டு வந்துடு.